புஷ்பேக் நடுவில் ஹெட்செட் செத்தால்?

பரந்தன்காரன்:
லீவில் ஊருக்கு வந்தும் இந்த யோசனைதான். வெளிநாட்டு விமான நிலையமொன்றில் ராம்ப் (விமானங்கள் நிற்கும் தளம்) வேலை, நாலு மாதம் ஆகிறது. போன மாதம் விமானத்தைப் பின்னால் தள்ளும்போது என் ஹெட்செட்டில் சத்தமே இல்லை. மேலே கப்டன் வாயசைக்கிறார், நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். முதலில் என்ன செய்திருக்க வேண்டும்?

வவுனியா அண்ணை:
தம்பி, முதலில் இழுவை வண்டியை மெதுவாக நிறுத்தச் சொல்லு. சடாரென்று பிரேக் அடித்தால், வண்டியை விமானத்தோடு இணைக்கும் தள்ளுதண்டின் ஷியர் பின் (அளவு மீறினால் உடைவதற்கென்றே வைத்த ஆணி) முறியும். நின்றபின் கப்டனின் கையைப் பார். விரித்த கையை முகத்துக்கு முன்னால் வைத்து முஷ்டியாக மூடினால் பிரேக் போட்டாச்சு. மூடிய கையை விரித்தால் விட்டாச்சு. நானே முதலில் இதைத் தலைகீழாகத்தான் படித்து வைத்திருந்தேன்! எங்கள் ஊரில் பெட்டியோடு உழவு மெஷினை ரிவேர்ஸ் எடுக்கும்போது நாலு பேர் "வா வா" என்று கத்துவோமே, அது அங்கே ஆகாது. சைகை ஒருவர்தான். "நில்" மட்டும் யார் காட்டினாலும் நிற்க வேண்டும்.

பரந்தன்காரன்:
சரி அண்ணை. கடைசியில் மூக்குச் சக்கரத்திலிருந்து கழற்றிய பைபாஸ் பின்னைக் கப்டனுக்குத் தூக்கிக் காட்டுவது சும்மா சம்பிரதாயமா?

வவுனியா அண்ணை:
சம்பிரதாயமா! அந்த பைபாஸ் பின் செருகியே இருந்தால் கப்டன் திருப்பினாலும் மூக்குச் சக்கரம் திரும்பாது. சிவப்பு நாடா தெரியத் தூக்கிப் பிடி, அவர் கை காட்டும்வரை இறக்காதே.

முல்லைக்காரன்:
விமானம் வந்து நிற்கும்போது இன்னொன்று. வயிற்றடியில் மின்னும் சிவப்பு விளக்கு அணையாமல் கிட்டப் போகாதே. காதடைப்பான் போட்ட காதுக்கு இஞ்சின் ஓடுவது சரியாகத் தெரியாது.