வைட்டல் கெப்பாசிட்டி: 'முக்கியக் கொள்ளளவு' வேண்டாமே

வணக்கம்.

நுரையீரலுக்குள் போய்வரும் காற்றின் அளவுகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் உரையாடலில், டைடல் வால்யூமுக்கு 'ஓத அளவு' என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான சொல். கடல்போல மூச்சும் ஏறி இறங்குகிறது, சரி. ஆனால் ஓதம் என்பதற்கு விரைவீக்கம் என்றும் ஒரு பொருள் உண்டே. மருத்துவ அறிக்கையில் அது குழப்பும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சில் போய்வரும் அரை லிட்டர் காற்றுதான் டைடல் வால்யூம். 'இயல்மூச்சளவு' போதும்.

எனக்கு உறுத்துவது, ரிசர்வ் வால்யூம் என்பதில் உள்ள ரிசர்வுக்கு எழுதும் 'சேமிப்பு'. இயல்பாக மூச்சை இழுத்து முடித்த இடத்தில் நிறுத்திவிட்டு, மேலும் இழுத்துப் பாருங்கள். இன்னும் 3 லிட்டர் அளவுக்கு உள்ளே போகும். இதைத்தான் 'உட்சுவாச சேமிப்பு' என்கிறோம். ஆனால் இழுப்பதற்கு முன் அந்தக் காற்று நுரையீரலில் இல்லவே இல்லை. இருந்தது விரிவதற்கான இடம் மட்டும். இல்லாத காற்றை எப்படிச் சேமித்தோம்? அதேபோல இயல்பாக மூச்சை விட்டபின் அழுத்தி ஊதினால் இன்னும் 1.1 லிட்டர் வரும். இரண்டுமே இயல்மூச்சுக்கு மிகையாக இழுப்பதும் விடுவதும்தான். ஆகவே 'உள்மூச்சு மிகையளவு', 'வெளிமூச்சு மிகையளவு' என்கிறேன்.

எவ்வளவு ஊதினாலும் வெளியே வராமல் தங்கிவிடும் 1.2 லிட்டருக்கு 'எஞ்சளவு'. 'எச்ச அளவு' என்றால் பறவை நினைவுக்கு வந்துவிடும். வெளியே வராத காற்றை, ஊதும் காற்றை அளக்கும் கருவியான ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாது. அதற்கு ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, ஹீலியம் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று கணக்கிடுவது போன்ற வேறு வழிகள் வேண்டும்.

இன்னொன்று. வால்யூம், கெப்பாசிட்டி இரண்டையும் கொள்ளளவு என்றே எழுதிவருகிறோம். தனித்தனிப் பகுதி வால்யூம்; இரண்டு மூன்று பகுதிகளைக் கூட்டினால் கெப்பாசிட்டி. முன்னதை 'அளவு' என்றும் பின்னதை மட்டும் 'கொள்ளளவு' என்றும் வைத்துக்கொண்டால் பெயரைப் பார்த்ததுமே அது கூட்டுத்தொகை என்று மாணவருக்குப் புரியும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். முழுக்க இழுத்து முழுக்க விடும் காற்று, அதாவது இயல்மூச்சளவும் இரண்டு மிகையளவுகளும் சேர்ந்த 4.6 லிட்டர், வைட்டல் கெப்பாசிட்டி. பாடநூல்கள் இளம் ஆணுக்குத் தரும் சராசரிதான் இந்த எண்களெல்லாம். ஸ்பைரோமீட்டரை உருவாக்கி 1846-இல் அதைப் பற்றி எழுதிய ஜான் ஹட்சின்சன், உயிரோடு தொடர்புடைய அளவு என்று கருதியே அந்தப் பெயரை வைத்தார். வைட்டல் என்றதும் 'முக்கிய' என்று எழுதினால் அந்த உயிர் போய்விடுகிறது. நம்மிடம் 'உயிர்ப்பு' இருக்கிறது. உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோம். 'உயிர்ப்புக் கொள்ளளவு' என்றால் உயிர், மூச்சு இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லில்கூட மூச்சு இல்லை.

அப்புறம், பலமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் அளவுக்கு 'வலிந்த வெளிச்சுவாசக் கன அளவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கவ்வவைத்து, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்றுதானே பரிசோதிப்பவர் சொல்கிறார்? அந்த வினையையே எடுத்து 'முதல்நொடி ஊதளவு' எனலாமா? ஊதிய மொத்தக் காற்றில் இது 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று பார்ப்பார்கள். நோயாளியிடமும் அடிக்கடி சொல்லவேண்டிய சொல் இது. மருத்துவம் படித்த நண்பர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.