எல்லாம் போன பிறகும் 'பார்த்துக்கலாம்' என்றவர்களைச் சந்தித்ததுண்டா? உங்கள் அனுபவம்

தோப்புக்காரன்:
கஜா புயல் பற்றி விளக்க வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலை. பேராவூரணிப் பக்கம் எங்கள் பெரியப்பா தோப்பில் நின்றது நாலே மரம். மூன்றாம் நாள்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. வாசலில் சாவு வீடு மாதிரி கூட்டம். ஒவ்வொருவராக வந்து பெரியம்மா கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள்.

பெரியப்பாவைக் காணோம். பார்த்தால், தோப்பில் சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். இளசை ஒதுக்கிவிட்டு, முற்றிய நெற்றை மட்டும் தனியாகக் குவித்திருந்தார். நாற்று போடவாம். எனக்கு வந்ததே கோபம்! அவருக்கு அப்போது 68 வயது. நெட்டை மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அது அவருக்குத் தெரியாததா? "நிவாரணக் கணக்கு எடுக்குறாங்க, வாங்க பெரியப்பா" என்றேன். எழுந்திருக்கவில்லை. ஒரு நெற்றை என் கையில் கொடுத்து, "தம்பி, இத காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாரு. தண்ணி சலசலங்குதா? எனக்குக் காது சரியா கேக்க மாட்டேங்குது" என்றார். உள்ளே தண்ணீர் வற்றியிருந்தால் விதைக்கு ஆகாது.

ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முதல் பத்துப் பதினைந்தை ஒழுங்காகப் பார்த்தேன். அப்புறம் எரிச்சலில் பேருக்கு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "கேக்குது, கேக்குது" என்று குவியலில் போட ஆரம்பித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரவுப் பணி:
டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்தேன். வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ஆள்கள் பழகிவிடுவார்கள், அப்புறம் ஒரு நாள் பெட் காலியாக இருக்கும். ஒரு பெட்காரரின் மனைவி ஏலச்சீட்டு நடத்தினார், 20 மாசச் சீட்டு. முன்னாடியே எடுத்தால் தள்ளு என்று ஒரு தொகை கழியும். பக்கத்து பெட்டில் டயாலிசிஸுக்கு வந்த, ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் தானும் சேருவதாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கே சங்கடம். "செலவு இருக்குமே தம்பி, தள்ளு கொஞ்சம் கூடப் போனாலும் முதல் ரெண்டு மாசத்துலயே எடுத்துக்கங்க" என்றார். "வேணாம்க்கா. நான் கடைசிச் சீட்டுதான் எடுப்பேன். அதுலதான் தள்ளு இல்லாம முழுசா வரும்."

அவர் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. "சிஸ்டர், நீங்களும் ஒண்ணு போடுங்க" என்றார். போட்டேன். ஆறாம் மாசமே எடுத்தும்விட்டேன்.

பதினான்காம் மாசம் எனக்கு வேறு ஊருக்கு மாறுதல். அந்த அம்மாவின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

கசப்பு மருந்து:
மன்னிக்கவும். இதையெல்லாம் படித்தால் எனக்குச் சர்க்கரை ஏறுகிறது. என் அப்பாவும் 'பார்த்துக்கலாம்' ஆள்தான். ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது, தோள் வலிக்கிறது என்றார். அம்மா ஆட்டோ கூப்பிடச் சொன்னார். "வாயுதான், காலைல சரியாயிடும்" என்று ஓமத்தண்ணீர் குடித்தார். தங்கச்சியைக் காலேஜில் கொண்டுபோய் விட வேண்டும் என்று ஐந்து மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தார். ஐந்து மணிக்கு அது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன்.

தோப்புக்காரருக்கு ஒரு கேள்வி. பெரியப்பா நெற்று பொறுக்கினார், சரி. நிவாரணக் கணக்குக்கு யார் போனது? பெரியம்மாதானே? ஒருத்தர் நம்பிக்கையாக உட்கார்ந்திருக்க, வீட்டில் இன்னொருத்தர் அவருக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அதை யாரும் எழுத மாட்டீர்கள்.

பயணி 72:
கசப்பு மருந்து சார், படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் நீங்கள் சொல்வது நம்பிக்கை இல்லை, கண்ணை மூடிக்கொள்வது. இரண்டும் வேறு. 2019இல் 15 ஆய்வுகளை, மொத்தம் சுமார் 2.29 லட்சம் பேரின் தகவல்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் நர்ஸுகளையும் முன்னாள் படைவீரர்களையும் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. அதில் நம்பிக்கை அதிகம் உள்ளவர்களுக்கு ஆயுள் சராசரியாக 11 முதல் 15 சதவீதம் கூடுதல்.

மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் சொல்வது இன்னும் உபயோகமானது. ஒரு அடி விழுந்தால் 'எப்பவுமே இப்படித்தான், எல்லாத்துலயும் இப்படித்தான், தப்பு என் மேலதான்' என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம் பாருங்கள், அந்தப் பழக்கம்தான் ஆளைச் சாய்க்கிறது. அதை மாற்றப் பழகலாம். ஆகவே எல்லாரும் ஒரு நோட்டு வாங்குங்கள். 40 பக்க நோட்டு போதும், 200 பக்கம் வாங்கினால் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். படுக்கும் முன் அன்றைக்கு நடந்த ஒரு சங்கடத்தை எழுதுங்கள், கீழே அதற்கு வேறு இரண்டு காரணம் எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள், போனில் வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நியூஸ் சேனல் பார்க்காதீர்கள். காலையில் முகம் கழுவியதும் ஒரு நடை. டீ அப்புறம்.

என் அனுபவம் என்றால், குரூப் 4 மூன்று தடவை எழுதினேன். தேறவில்லை. நோட்டு நாலு நிரம்பியது. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

கசப்பு மருந்து:
உடம்பு நன்றாக இருக்கிறவன் நம்பிக்கையாகத்தான் இருப்பான். எது முதலில் வந்தது என்று ஐந்தாவது நோட்டில் எழுதிப் பாருங்கள் சார். ஸ்டாக்டேல் என்று ஒரு அமெரிக்கக் கடற்படை விமானி, 1965 முதல் 1973 வரை வியட்நாமில் போர்க்கைதி. 'கிறிஸ்துமஸுக்குள் விட்டுவிடுவார்கள்' என்று நாள் குறித்துக் காத்திருந்தவர்கள்தான் உடைந்துபோனார்கள் என்று அவரே பின்னால் சொன்னார்.

மூன்றாம் மாடி:
சண்டை வேண்டாம். 2015 டிசம்பர், சென்னை. எங்கள் மாடிப்படியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழ் வீட்டு டீச்சரம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் வீடு மொத்தமும் தண்ணீருக்குள். மணிக்கு ஒரு தரம் மெழுகுவத்தியோடு இறங்கிப் போய், சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்து, "ஒரு விரல்கடை இறங்கியிருக்கு" என்பார். பிள்ளைகள் கை தட்டும். விடிந்ததும் நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே தெரிந்தது ஒரே ஒரு கோடு. அவருடைய மற்ற கோடுகள் எல்லாம் உள்ளே.

மேலே வந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரம்மா என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்புறம் அடுப்பு மூட்டி, இருந்த ரவையில் உப்புமா கிளறினார்.

தோப்புக்காரன்:
கசப்பு மருந்து, நீங்கள் கேட்டது சரிதான். பெரியம்மாதான் போனார். நேற்று போன் போட்டுக் கேட்டேன், ஆறு மணி நேரம் வரிசையில் நின்றாராம். "அவரு வந்திருந்தா அங்க யார்கூடயாவது சண்டைதான் போட்டிருப்பாரு, விடு" என்றார். இதுவரை ஒரு தடவைகூட நான் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

பெரியப்பா பதியம் போட்டது 60 நெற்று. முளைத்தது 41. போட்டதெல்லாம் முளைக்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த 19இல் நான் பேருக்கு ஆட்டிப் போட்டது எத்தனை? அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. இப்போது காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார். போன மாசம் ஒரு மரத்தில் முதல் பாளை வந்திருக்கிறது என்று போட்டோ அனுப்பினார். பக்கத்தில் குட்டை ரகம் ஒரு வரிசை நிற்கிறது. முளைக்காத 19க்குப் பதிலாக நர்சரியில் காசு கொடுத்து வாங்கியது. கன்று என்ன விலை என்று கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை.