புதுப்பிப்பு: கிளம்பும்போது திணறிய ஹப் மோட்டார், காரணம் சிக்கியது

முன்பு கேட்டது: என் மின் சைக்கிளில் 36 வோல்ட் கியர் ஹப் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்), த்ராட்டில் திருகினால் கடகடவென்று அதிர்கிறது, தள்ளிவிட்டால் ஓடுகிறது. கன்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி) மேல் பழி போட்டது தப்பு, ஹால் ஒயர்தான், அதாவது மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சென்சாரின் ஒயர்.

ஹால் ஒயர் கனெக்டரைக் கழற்றாமல், மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு ஒயரில் வைத்துச் சிவப்பைப் பார்த்தால் 5 வோல்ட் சரியாக இருந்தது. அடுத்து மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்று சிக்னல் ஒயர்கள். சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றணும். முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே ஃப்ரீவீல், சக்கரம் மட்டும் சுற்றும், மோட்டார் அசையாது. ஒவ்வொன்றும் 0, 5 என்று மாறி மாறிக் காட்டணும். பச்சை 5-லேயே நின்றது.

ஆக்சில் துளை வாயிலேயே ஒயர் அறுந்திருந்தது. ஆக்சில் சுழலாமல் பிடித்துவைக்கும் டார்க் ஆர்ம் இல்லாததால், ஆக்சில் சுழன்று ஒயரை நசுக்கிவிட்டது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி ஒயரை மூடும் குழாய்) போட்டாச்சு. டார்க் ஆர்ம் மாட்டாமல் இனி த்ராட்டிலைத் தொடக்கூடாது.