போரியலோபெல்டா: எலும்பு தெரியாத உடலை வைத்துப் புதிய இனம் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

மண்ணடுக்கு:
கனடாவின் ஆல்பர்ட்டாவில், ஃபோர்ட் மக்மரி பக்கத்துச் சன்கோர் சுரங்கத்தில் 2011 மார்ச்சில் கிடைத்த கவச டைனோசருக்கு 2017-ல் போரியலோபெல்டா மார்க்மிட்செல்லி என்று பெயர் வைத்தார்கள். வயது சுமார் 11 கோடி ஆண்டு. தோலும் கவசத் தகடுகளும் இடம் மாறாமல் இருப்பதால் எலும்பு பெரும்பாலும் மறைந்தே கிடக்கிறது. சி.டி. ஸ்கேன் உதவாதா? பாறையை நீக்க ஏன் அத்தனை வருடம்? மற்ற இனங்களோடு எதை ஒப்பிட்டார்கள்?

ஊசிமுனை:
ஸ்கேன் செய்தார்கள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிணம் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, மல்லாந்தபடி அடித்தரையில் விழுந்தது. அதைச் சுற்றிச் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் சீக்கிரமே இறுகியது. தோல் தப்பியது அதனால்தான். ஆனால் அடர்த்தியான இரும்புக் கனிமத்தைத் தாண்டி எக்ஸ் கதிர் சரியாக ஊடுருவாது.

தூக்கும்போதே பெரிய பாறைத்துண்டு தன் எடை தாங்காமல் உடைந்தது. பிளாஸ்டரில் நனைத்த சாக்குத்துணியால் துண்டுகளைக் கட்டி ராயல் டிரெல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தொழில்நுட்பர் மார்க் மிட்செல் ஏறக்குறைய 7,000 மணி நேரம் காற்றழுத்த ஊசியால் பாறையைக் கொத்தி எடுத்தார். புதைபடிவம் பல இடங்களில் மிக மென்மையானது. ஊசி அரை மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினால் போவது பாறை அல்ல, செதில். இனப்பெயரில் அவர் பெயர் இருப்பது முழுக்க நியாயம்.

தகடுவரிசை:
ஒப்பீட்டுக்கு வருகிறேன். இங்கே கிடைத்தது மூக்கிலிருந்து இடுப்பு வரை மட்டும், வால் இல்லை. ஆகவே 'வாலில் குண்டாந்தடி இல்லை, அதனால் நோடோசாரிட் (வாலில் குண்டாந்தடி இல்லாத கவச டைனோசர் குடும்பம்)' என்று சொல்ல வழியில்லை. மண்டையோட்டின் மேற்பரப்பு, கழுத்தைச் சுற்றிய தகட்டு வளையங்கள், முதுகில் குறுக்காக ஓடும் தகட்டு வரிசைகள், தோளில் நீண்டு நிற்கும் பெரிய முள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சிக்கல் எதிர்த்திசையிலும் உண்டு. மற்ற இனங்களில் அழுகும்போதே தகடுகள் உதிர்ந்துவிடும். எந்தத் தகடு எங்கே இருந்தது என்பது பாதி ஊகம். இன்னொன்று: முள்ளின் மேல் இருந்த கெரட்டின் (நகமும் கொம்பும் ஆன பொருள்) உறை இதில் மிஞ்சியிருக்கிறது. அது எலும்பு முனையைத் தாண்டி நீள்கிறது. எனவே வெறும் எலும்பாகக் கிடைத்த முள்ளோடு நீளத்தை ஒப்பிடும்போது உறையைக் கழித்துவிட்டு எலும்பை மட்டும் அளக்க வேண்டும்.

மண்ணடுக்கு:
அப்படியென்றால் ஒரே ஓர் எலும்பை வைத்துப் புதிய இனம் அறிவிப்பது தவறா?

தகடுவரிசை:
எந்த எலும்பு என்பதைப் பொறுத்தது. மொராக்கோவின் ஸ்பிகோமெல்லஸ் என்ற கவச டைனோசர் 2021-ல் ஒரே ஒரு விலா எலும்பை வைத்துத்தான் பெயர் பெற்றது. முட்கள் தோலில் இல்லாமல் விலாவோடே ஒட்டி வளர்ந்திருந்தன. வேறெந்த விலங்கிலும் காணாத அமைப்பு. ஒட்டவைத்த போலியோ என்று முதலில் ஸ்கேனில் சோதித்தார்கள். பிறகு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அங்கிலோசார்கள் என்ற கவச டைனோசர்களுக்கே உரிய குறுக்குமறுக்கு நார்ப்பின்னல் தெரிந்தது. 2025-ல் வெளியான கூடுதல் எலும்புகள் அந்த முடிவை உறுதிப்படுத்தின. சாதாரண முதுகெலும்பு ஒன்றை வைத்து இதைச் செய்திருந்தால் நான் ஏற்கமாட்டேன்.

ஊசிமுனை:
ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. வேதிச் சோதனைக்கு மாதிரி எடுப்பதாக இருந்தால், படிவம் உதிராமல் இருக்கப் பேராலாய்டு போன்ற பிசினைப் பூசுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். போரியலோபெல்டா செம்பழுப்பு நிறம் என்ற முடிவு தோலின் கரிமப் படலத்தில் கிடைத்த நிறமிச் சிதைவுப் பொருள்களை நம்பியது. பிசின் ஊறிய மாதிரியில் எது பழையது, எது பூசியது என்று பிரிப்பது பெரும்பாடு.