ஹீட்டரில் காற்று வருகிறது, சூடு வரவில்லை

கேள்வி: பழையவண்டி

22 வயதான பெட்ரோல் கார். அப்பா ஓட்டி, பிறகு என் கைக்கு வந்தது. போன மாதம் வரை ஹீட்டரில் குறையே இல்லை. இப்போது ப்ளோயர் எல்லா வேகத்திலும் சுற்றுகிறது, ஆனால் வருவது வெறும் ஜில் காற்று. காலையில் கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொள்கிறது, ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்டீயரிங் என்று ஓட்டுகிறேன். டெம்பரேச்சர் முள் எப்போதும்போல் நடுவில்தான் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கொஞ்சம் வெதுவெதுப்பு, சிக்னலில் நின்றால் மறுபடியும் ஜில்.

ஒரு மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஹீட்டர் கோர் போச்சு, டேஷ்போர்டை முழுசா இறக்கணும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நட்டுபோல்ட்டு

டேஷ்போர்டை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். ஓடும்போது சூடு, நின்றால் குளிர் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) குறைவுதான். ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், சூடான கூலன்ட் அதற்குள் ஓடித்தான் காற்றைச் சூடாக்கும். அளவு குறைந்தால் அந்தக் கோருக்குள் காற்று புகுந்துவிடும். ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) வாட்டர் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் அந்தக் காற்றைத் தள்ள முடியாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், விளையாட்டில்லை) ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ரிசர்வ் டப்பாவைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காய்ந்து கிடக்கும்.

அளவு சரியென்றால் வண்டியைச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபயர்வாலுக்குள் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடென்றால் கோர் நலம், உள்ளே காற்றைத் திருப்பும் கதவோ அதன் கேபிளோதான் மக்கர். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் அடைப்பு, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை.

பதில்: கேரேஜ்பூனை

காருக்குள் தித்திப்பான வாசனை வருகிறதா? கால்மிதியடிக்குக் கீழே ஈரம்? கண்ணாடியில் எண்ணெய் தடவிய மாதிரி பிசுக்கு? இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி, கோர் ஒழுகுகிறது. எதுவானாலும் ஒழுகலை அடைக்கும் பவுடரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஹீட்டர் கோரின் குழாய்கள் சன்னமானவை, அது முதலில் அடைப்பது அங்கேதான்.

பழையவண்டி

வாசனை, ஈரம், பிசுக்கு எதுவும் இல்லை. மூடியைத் திறந்து விரலை விட்டேன், ஈரமே தட்டவில்லை! ஒன்றரை லிட்டர் குடித்தது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டேன். கால் மணி நேரம் கழித்து 'குளுக்' என்று ஒரு பெரிய குமிழி, அப்புறம் சின்னச் சின்னதாக நாலைந்து, அதோடு அடங்கிவிட்டது. இப்போது உள்ளே போகும் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, திரும்பி வருவது வெதுவெதுப்பு.

பதில்: நட்டுபோல்ட்டு

குமிழி அடங்கியது நல்ல சேதி. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவிலுள்ள சீல்) சந்தேகப்பட வேண்டும். அடுத்தது அடைப்பு. எஞ்சின் ஆறியதும் இரண்டு ஹோஸையும் கழற்றி, திரும்பி வரும் பக்கத்திலிருந்து தண்ணீரை விடுங்கள். குழாயை முழுசாகத் திறக்காதீர்கள், பழைய கோர் அந்த அழுத்தத்தைத் தாங்காது. வடியும் கூலன்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். தித்திப்பென்று நாய் நக்கிவிடும், ஆனால் அது விஷம்.

அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஒன்றரை லிட்டர் எங்கே போனது?

பழையவண்டி

அதுவும் கிடைத்தது. ஹோஸைக் கழற்றப் போனபோது கீழ் கிளாம்பைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஒரு வளையம். எஞ்சின் சூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து அங்கேயே காய்ந்திருக்கிறது, அதனால்தான் தரையில் ஒரு துளிகூடப் பார்த்ததில்லை. கோரிலிருந்து முதலில் டீத்தூள் மண்டி மாதிரி பழுப்பாக வந்தது, மூன்றாவது வாளியில்தான் தெளிந்தது. கிளாம்பு புதிது, ரேடியேட்டர் மூடி புதிது, கூலன்டும் தண்ணீரும் சரிபாதி.

இன்று காலை ஐட்லிங்கிலேயே கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அளவு இறங்கினால் மறுபடி வருவேன்.