வாடகை வீட்டில் ஃப்ளை கட்ட ஒரு மேசை: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை மாறி பெங்களூருக்கு வந்து, அட்வான்ஸ் கட்டி, கேஸ் இணைப்பையும் தண்ணீர் கேனையும் ஏற்பாடு செய்து முடித்த பிறகு, ஊரில் விட்டு வந்த பொழுதுபோக்கை இங்கே எங்கே விரிப்பது என்ற கவலை சிலருக்கு வருகிறது. நீலகிரி ஓடைகளில் டிரவுட் பிடித்துப் பழகிய இரண்டு நண்பர்கள் அண்மையில் என்னிடம் கேட்டதும் இதுதான்: சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டிய ஒற்றைப் படுக்கையறை வீட்டில், ஃப்ளை கட்டுவதற்கு அதிகச் செலவில்லாமல் ஒரு மேசையை அமைப்பது எப்படி? தூண்டில் முள்ளின் மீது இறகையும் நூலையும் சரிகையையும் சுற்றிக் கட்டும் போலிப் பூச்சியைத்தான் ஃப்ளை என்கிறோம். அதைக் கட்டுவதற்கு உண்மையில் ஒரு முழ அகல இடம் போதும்.

ஆகவே மேசை வாங்க வேண்டாம், பலகை செய்துகொள்ளுங்கள் என்பதே என் பதில். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறும் வாய்ப்பு இங்கே அதிகம். ஒவ்வொரு முறையும் ஒரு மேசையை வண்டியில் ஏற்றி இறக்குவதைவிட, 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் செருகி வைப்பது எளிது. என்னுடையது, அலமாரி செய்த தச்சரிடம் மிஞ்சிய துண்டு; விளிம்பை இழைத்துக் கொடுக்கச் சொல்லி 180 ரூபாய் கொடுத்தேன். முன்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கங்களிலும் விரல் உயரத்திற்கு மரச்சட்டம் அடித்துவிட்டால் முள் உருண்டு தரையில் விழாது. தரையில் விழுந்த முள்ளைக் கண்ணைவிடக் காலே முதலில் கண்டுபிடிக்கும் என்பதால், ஒரு காந்தத்தையும் பலகையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது வைஸ், அதாவது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி. சுழலும் வசதி தொடக்கத்தில் தேவையில்லை. ஆனால் தாடை கடினமான எஃகினால் ஆனதாக இருக்க வேண்டும். 8ஆம் எண் முள் ஒன்றைப் பூட்டி, அதன் கண்ணை, அதாவது தூண்டில் நரம்பைக் கட்டும் வளையத்தை, விரலால் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். முள் வில்லாக வளைந்து மீண்டால் அந்த வைஸ் நல்லது. முள் தாடைக்குள் வழுக்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதையும் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும். 14, 16 ஆகியவற்றை ஆசைப்பட்டு வாங்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், 6 அல்லது 8 எண் முள்ளில் தொடங்குவதே சரி.

வைஸின் பிடியை மாட்டும்போது பலகையையும் கீழே உள்ள சாப்பாட்டு மேசையையும் சேர்த்து இறுக்கினால் இரண்டும் அசையாமல் நிற்கும். எனவே வாங்குவதற்கு முன் இரண்டின் மொத்தத் தடிமனை அளந்து, பிடியின் வாய் அந்த அளவுக்குத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேசை கண்ணாடியாக இருந்தால் அதில் எதையும் இறுக்கக் கூடாது. கனமான அடித்தட்டுடன் வரும் வைஸே அதற்கு ஏற்றது. உட்கார்ந்தால் முள் நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேராக வர வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால், பகலெல்லாம் கணினியின் முன் குனிந்த முதுகு இரவில் பழி வாங்கும்.

விளக்கு, வளையும் கழுத்துள்ள எல்இடி மேசை விளக்காக இருக்கட்டும். வெள்ளை ஒளி தருவதாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் ஒளியில் பழுப்பு இறகும் செம்பழுப்பு இறகும் ஒன்றாகவே தெரியும். வைஸுக்குப் பின்னால் வெளிர்பச்சை அட்டை ஒன்றை நிறுத்தி வைத்தால் நூலின் ஒவ்வொரு சுற்றும் துலங்கும்.

மற்ற கருவிகளில் நூல் கண்டைத் தாங்கும் பாபின், கூர்மையான சிறு கத்தரிக்கோல் ஆகிய இரண்டை மட்டும் விலைக்கு வாங்குங்கள். பாபினின் குழாய் வாய் சொரசொரப்பாக இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இறகின் நுனியைக் கவ்வ, மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் முதலைக் கிளிப் போதும். அதன் பற்களின் மேல் சிறிது ரப்பர் உறையை மாட்டிவிட வேண்டும். தையல் ஊசியை ஒரு கார்க்கில் குத்தினால் முள்ளின் கண்ணில் அடைத்த பிசினைக் குத்தியெடுக்கும் கருவி ஆகிவிடும். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் கூம்பு முனை, ஃப்ளையின் தலைப்பக்கம் நூலை முடிக்கும் தலைமுடிச்சுப் போடப் பயன்படும். முடிச்சின் மேல் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாக இரண்டு முறை தடவினால் போதுமானது.

பொருள்களுக்காக எங்கும் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, ஜவுளிக் கடைகள் நிறைந்த சிக்பேட்டைக்குப் போய் வாருங்கள். வெளிநாட்டுப் பொட்டலங்களில் டின்சல் என்ற பெயரில் வருவது நம் சரிகையின் உறவுக்காரர்தான். செம்பு கலந்த சரிகை நாளடைவில் கறுக்கும், பிளாஸ்டிக் சரிகை கறுக்காது. ஆகவே மீனுக்கு மலிவானதே மேல். எம்பிராய்டரிக்கான ரேயான் நூல் ஃப்ளையின் உடலைச் சுற்றுவதற்கு அழகாக இருந்தாலும், நனைந்தால் வலுவிழப்பதால் கட்டும் நூலாக அதை நம்பக் கூடாது. அதற்கு மெல்லிய பாலியெஸ்டரே சரி. கன்னடத்தில் நூலுக்கு 'தார' என்பார்கள். இறகுக்கு 'கரி' என்று பெயர். அதன் முதலெழுத்தை மென்மையாக உச்சரிக்க வேண்டும், நம் வழக்கப்படி அழுத்திச் சொன்னால் 'கறுப்பு' என்று பொருளாகிவிடும். சிவாஜிநகரில் தமிழே போதும்.

இறகில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கறிக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் பிராய்லர் இறகு, சில வாரங்களே வளர்ந்த கோழியுடையது; நீர்மேல் மிதக்கும் ஃப்ளைக்குத் தேவையான நீண்ட, விறைப்பான கழுத்து இறகு அதில் இருக்காது. நன்கு முற்றிய நாட்டுச் சேவலின் கழுத்தும் முதுகும் வேண்டுமென்று ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் சொல்லி வையுங்கள். பெட்டைக்கோழியின் மென்மையான இறகு மூழ்கும் ஃப்ளைகளுக்கு உதவும். நம் மலைகளின் சாம்பல் காட்டுக்கோழி, அதன் கழுத்து இறகுக்காகவே உலகெங்கும் ஃப்ளை கட்டுபவர்களிடையே பெயர் பெற்றது. ஆனால் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவை, யார் கொண்டு வந்து நீட்டினாலும் வாங்காதீர்கள். மயில் தானாக உதிர்த்த தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை, நாட்டுக்கு வெளியே அனுப்பத்தான் கூடாது. வெளிநாட்டு நண்பருக்குப் பரிசளிக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

சேவல் இறகை மிதமான சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் போட்டுச் சில நாள்கள் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சிகள் மடியும். வெளியே எடுத்து ஒரு நாள் விட்டு மறுபடியும் வைப்பது இன்னும் நல்லது. உறையின் மேல் பெயர் எழுத மறக்காதீர்கள், ஐஸ்கிரீம் தேடுபவர்கள் அலறக் கூடாது. எங்கே உலர்த்துவது என்பதும் இங்கே சிறிய விஷயமன்று. நான் முதலில் குடியிருந்த வீட்டின் ஓனர் அசைவம் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். சமைக்கத்தானே கூடாது என்று நானாகப் பொருள் கொண்டு மொட்டைமாடியில் இறகைக் காயப் போட்டேன். காற்று அதில் பாதியை அவருடைய துளசி மாடத்தில் கொண்டு சேர்த்தது. அந்த மாதமே வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. பலகையைக் கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

மழைக்காலத்தில் முள் துருப்பிடிக்கும் என்பதால், மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்து முள் டப்பாவில் போடுங்கள். கட்டத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு முள்ளின் எதிர்ப்பல்லையும் (முனையருகே பின்னோக்கி நீட்டி நிற்கும் சிறு கூர்) இடுக்கியால் நசுக்கிவிடுவது என் வழக்கம்: மீனை எளிதில் விடுவிக்கலாம், விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழற்றலாம், நசுக்கும்போது முறியும் முள், அரை மணி நேரம் கட்டிய பிறகு முறிவதைவிட அப்போதே முறிவது மேல். முதல் ஃப்ளையாக, சேவல் இறகைக் கறுப்பு உல்லன் நூலின் மேல் சுற்றி, கோழியின் அடிப்பஞ்சு இறகால் வால் வைத்து வுல்லி பக்கரைக் கட்டிப் பாருங்கள். பத்துக் கட்டினால் ஏழு கோணலாக வரும், அவற்றையும் டப்பாவில் போட்டு வையுங்கள். ஜிலேபி மீன் கோணலைப் பார்ப்பதில்லை.