பயிற்சிக் கணக்கில் போட்ட எண்ணே காலை வாரிய இடங்கள்: பாடநூல் எழுதுபவர்கள் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கட்டத்தாள்:

தசம எண்களை ஒப்பிடும் பயிற்சி. "எது பெரியது?" என்று பத்து ஜோடி: 0.75, 0.5; 2.35, 2.1; 6.48, 6.2 என்று போகும். அச்சுக்கு முன் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்த ட்ரையலில் முக்கால்வாசி வகுப்பு பத்துக்குப் பத்து. அடுத்த பக்கத்தில் வாக்கியக் கணக்கு: ஒரு கயிறு 4.8 மீட்டர், இன்னொன்று 4.63 மீட்டர், எது நீளம்? பத்துக்குப் பத்து வாங்கிய பெண் பென்சிலை எடுத்த வேகத்தில் 4.63-ஐ வட்டமிட்டாள். ஏன் என்று கேட்டால், "எட்டை விட அறுபத்திமூணு பெரிசுதானே?" கேட்டவர்களுக்குத்தான் கணக்கு தெரியவில்லை என்பது போல ஒரு பார்வை வேறு.

முந்தைய பக்கத்தைத் திருப்பினால் காரணம் அங்கேயே இருக்கிறது. பத்து ஜோடியிலும் இலக்கம் அதிகமுள்ள எண்தான் பெரியது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடும். இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு: "நூறில் ஒன்று பத்தில் ஒன்றை விடச் சிறியது, அதனால் இலக்கம் கூடினால் எண் சிறுக்கும்" என்று நினைப்பவர்கள். அவர்கள் 4.75, 4.3 இரண்டில் 4.3-ஐ எடுப்பார்கள்.

இப்போது வைக்கும் தொகுப்பு இது: 4.8, 4.63 (முழு எண் புத்தி மாட்டும்). 4.75, 4.3 (நேர்மாறு புத்தி மாட்டும்). 3.07, 3.4 (சுழியை விட்டுவிட்டு 7-ஐயும் 4-ஐயும் பார்ப்பவர்கள்). 0.6, 0.60. அப்புறம் 0, 0.6: இதில் சுழியைப் பெரியது என்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கடைசியாக 4.4502, 4.45. மொத்த மதிப்பெண் பார்க்கவே கூடாது. எந்த ஜோடியில் விழுந்தான் என்பதுதான் தகவல்.

செவ்வகம்:

இதே வகைதான். பரப்பளவு, சுற்றளவு இரண்டும் கேட்கும் கணக்கில் 6 செ.மீ, 3 செ.மீ என்று கொடுத்திருந்தார்கள். சுற்றளவு 18 செ.மீ, பரப்பளவு 18 சதுர செ.மீ. பையன் இரண்டுக்கும் 18 எழுதி இரண்டுக்கும் சரி வாங்கியிருக்கிறான். இரண்டாவது விடைக்குப் பக்கத்தில் ரப்பர் தேய்த்த தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 2(6+3) என்று தெரிகிறது. பரப்பளவுக்கும் சுற்றளவு சூத்திரத்தையே போட்டிருக்கிறான்.

பக்கங்கள் முழு எண்ணாக இருந்தால் இந்த வம்பு இரண்டே செவ்வகத்தில்தான்: 4×4, 6×3. வேறு கிடையாது. ஆனால் "சின்ன எண்ணாப் போடுவோம்" என்று உட்கார்ந்தால் கை தானாக இந்த இரண்டில்தான் போய் நிற்கும். 8×3 போடுங்கள். பரப்பளவு 24, சுற்றளவு 22, இரண்டு பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்தியவனுக்கு 11. மூன்றும் தனித்தனி, விடையைப் பார்த்தே எங்கே நின்றான் என்று சொல்லிவிடலாம்.

அடுக்குப் பாடத்தை 2² என்று தொடங்குவதும் இந்த ரகம். 2×2-ம் 4, இரண்டின் வர்க்கமும் 4. அடுக்கைப் பெருக்கினால் போதும் என்று பிள்ளை எடுத்துக்கொண்டால் தப்பு நம்முடையது. 5²-ல் தொடங்கினால் 10-ஆ 25-ஆ என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பாடவேளை:

இரண்டு பேரும் பொறி வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். வகுப்பில் நிற்பவர் பக்கம் கொஞ்சம் வாருங்கள். மீச்சிறு பொது மடங்குக்கு முதல் எடுத்துக்காட்டாக 12, 18 போட்ட பக்கம் ஒன்று. 18-இன் மடங்குகளை எழுதச் சொன்னால் 18, 36, அப்புறம் விரல் விட்டு எண்ணுகிறார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பாதிக்கு மேல் வாய்ப்பாட்டிலேயே போயிற்று. பொது மடங்கு என்ற சங்கதி கரும்பலகைக்கு வரும்போது மணி அடிக்கிறது. அந்த ஆசிரியர் சுண்ணாம்புத் துண்டைப் பெட்டியில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

முதல் எடுத்துக்காட்டின் வேலை கருத்தைக் காட்டுவது. அதற்கு 2, 3 போதும். "ஏமாற்றும் எண், ஏமாற்றாத எண்" என்ற ஆராய்ச்சியெல்லாம் பயிற்சி 1.2-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க வகுப்பில் ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்த மூன்று கூட்டமும் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு எண்ணிலும் கண்ணி வைத்தால் ஆசிரியருக்கு மூச்சு விட நேரம் ஏது?

கட்டத்தாள் சொன்ன தசமத்துக்கும் எளிய வழி இருக்கிறது. ரூபாய் பைசாவில் தொடங்குங்கள். காசு விஷயத்தில் எந்தப் பிள்ளையும் தப்பு செய்யாது.

கட்டத்தாள்:

2, 3 என்று தொடங்கினால் 6 வரும், 4, 5 என்று தொடங்கினால் 20 வரும். இரண்டையும் பெருக்கினால் வேலை முடிந்தது என்று மூன்றாவது வரியிலேயே பிள்ளை விதி எழுதிவிடும். அதை அழிக்க இன்னொரு பாடவேளை. 4, 6 போடுங்கள் சார். 4, 8, 12 ஒரு பக்கம். 6, 12 ஒரு பக்கம். மூன்றாவது அடியிலும் இரண்டாவது அடியிலும் சந்திக்கிறார்கள், வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும், பெருக்கினால் 24, விடை 12. எளிமையும் வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது என்றால் இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

காசு பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாது என்று ஆகிவிட்டன. 3.25 ரூபாயைக் கையில் வாங்கிய பிள்ளை இன்று யார்? அது கூடப் பரவாயில்லை. காசில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம்தான். 3.50 என்பது "மூன்று, ஐம்பது" என்று இரண்டு தனித்தனி முழு எண்ணாகவே மனதில் உட்காரும். 3.5 என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு அது மூன்று ரூபாய் ஐந்து பைசா. மேலே கடைசியாக வைத்த 4.4502, 4.45 ஜோடி இதற்குத்தான்: காசு வழியாக வந்த பிள்ளை "ரெண்டும் ஒண்ணு" என்று சொல்லும். இரண்டு இலக்கத்தோடு பார்வை நின்றுவிடும்.

மின்னணுத் தராசும் அப்படியே. கால் கிலோவை 0.250 என்றுதான் காட்டும். பெட்ரோல் பம்பிலும் இரண்டு இலக்கம் நிலையாக நிற்கும். அன்றாட வாழ்வில் பார்க்கும் தசமம் எல்லாமே இலக்கம் சமமாக நிரப்பப்பட்டது. நீளம் வேறுபடும் தசமத்தை அது கற்றுத்தராது. எண்கோடும் 10×10 கட்டமும்தான் கதி.

பனையடி:

இலங்கையிலையும் இதுதான் நிலைமை. சதம் ஒருத்தரிட்ட கையிலும் புழங்கிறதில்லை, ஆனா பயிற்சியில ரூபாயும் சதமும் வந்துகொண்டே இருக்கு. தரம் 6 பிள்ளையளுக்கு மீற்றர், சென்ரிமீற்றரில தொடங்கினா அடிமட்டம் கையில இருக்கு, அளந்தே பாக்கலாம்.

அச்சுக்கட்டை:

எண்கோடு என்றதும் எழுதத் தோன்றியது. பக்க வடிவமைப்பு செய்பவர்களுக்கு இது தெரியும், எழுதுபவர்களுக்குத் தெரிவதில்லை.

4-இலிருந்து 5 வரை சரியாக 10 செ.மீ நீளக் கோடு. ஒரு செ.மீ என்றால் 0.1, ஒரு மி.மீ என்றால் 0.01. 4.63-ஐக் குறிக்க 4-இலிருந்து 6 செ.மீ 3 மி.மீ அளக்க வேண்டும். அழகான செயல்பாடு. ஆனால் அந்தப் பக்கத்தில் "இவற்றை முயல்க" பெட்டி ஒன்று கூடுதலாக வந்ததால் இடம் போதாமல் படத்தை 92 விழுக்காடாகச் சுருக்கிவிட்டார்கள். அச்சில் கோடு 9.2 செ.மீ. 4.63 என்று புள்ளி வைத்த இடம் 5.8 செ.மீ-இல் இருக்கிறது. ஸ்கேலை வைத்த பிள்ளை 4.58 என்று எழுதியது. விடைக்குறிப்பில் 4.63. பிள்ளை அளந்தது சரி, வாங்கியது தவறு.

இழுத்து நீட்டுவது இதைவிட மோசம். நீள அகலம் ஒரே விகிதத்தில் சுருங்கினால் நீளம்தான் கெடும், கோணம் தப்பிக்கும். உயரத்தை மட்டும் பத்து விழுக்காடு இழுத்தால் 6 செ.மீ சமபக்க முக்கோணத்தின் அடிக்கோணம் 62 டிகிரியைத் தாண்டும், உச்சிக்கோணம் 55 டிகிரிக்குக் கிட்ட வரும், சாய்ந்த பக்கம் 6.46 செ.மீ. "அளந்து சரிபார்" என்று கீழே எழுதியிருந்தால் மானம் போகும்.

அளக்க வேண்டிய படம் என்றால் படத்தின் மேலேயே "10 செ.மீ, சுருக்கக் கூடாது" என்று அச்சில் வராத அடுக்கில் (லேயரில்) எழுதுங்கள். ஓரத்தில் 5 செ.மீ சரிபார்ப்புக் கோடு ஒன்று விடுங்கள். புரூஃபைத் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள், தாளில் எடுத்து ஸ்கேல் வையுங்கள். எடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" தேர்வாகியிருந்தால் அதுவே தனியாகச் சுருக்கும்.

இன்னொன்று: பழைய எழுத்துருவில் தட்டச்சான கையெழுத்துப் பிரதியில் பெருக்கல் குறி தமிழ் எழுத்தாக மாறி நிற்கும். குறை எண்ணின் முன்னுள்ள கழித்தல் குறி வரி முடிவில் தனியாகத் தொங்கி, எண் அடுத்த வரியில் மிகை எண்ணாக வாழும். இரண்டையும் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

மணிச்சட்டம்:

எனது சிறியது. 61 − 26. விடை 45 என்று வந்தது. சிறியதைப் பெரியதிலிருந்து கழித்தானா (6−1=5), அல்லது கடன் வாங்கி 11−6=5 போட்டுவிட்டுப் பத்தாம் இடத்தில் குறைக்க மறந்தானா? இரண்டு வழியிலும் 45-தான். கடன் வாங்க வேண்டிய, ஒன்றாம் இட வித்தியாசம் 5 ஆக இருக்கும் எந்த ஈரிலக்கக் கணக்கும் இப்படி ஊமையாகிவிடும். 62 − 28 என்றால் திருப்பிக் கழித்தவன் 46, குறைக்க மறந்தவன் 44, சரியான விடை 34.

சரி, ட்ரையல் எப்படி நடத்துவது என்று இங்கே பலருக்கும் குழப்பம் இருப்பது தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். பக்கத்தையும் பென்சிலையும் மட்டும் கொடுங்கள், வாய் திறக்காதீர்கள். நீங்கள் விளக்கிய வார்த்தை அச்சில் வரப்போவதில்லை. பிள்ளைகளை ஆசிரியர் தேர்ந்தெடுத்தால் முதல் பெஞ்சுதான் வரும். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு ஏழாவது பெயரையும் எடுங்கள். அழிக்க ரப்பர் கொடுக்க வேண்டாம், தவறை ஒரு கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள், செவ்வகம் சொன்னது போல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் தொல்லை இல்லை. முதலில் பென்சில் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் கணக்கு கடினமான இடமாக இருக்காது, வாக்கியம் நீண்ட இடமாக இருக்கும். "சரியா?" என்று கேட்டால் பிள்ளை விடையை மாற்றும். "எப்படி வந்தது?" என்று சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே குரலில் கேளுங்கள். தாள்களைப் பிள்ளை வாரியாக அடுக்காமல் தவறான விடை வாரியாக அடுக்குங்கள். 403 − 178-க்கு ஐந்து பேர் ஐந்து விதமாகத் தவறினால் அது கவனக்குறைவு, மூன்று பேர் 375 என்றே எழுதினால் அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அதே 375-ஐப் பலவுள் தெரிவில் தவறான விடையாக வையுங்கள். 224, 226 என்று சரியான விடைக்கு அக்கம்பக்கத்தில் வைப்பதால் எதுவும் தெரியாது. விடைக்குறிப்பைக் கணக்கு எழுதியவர் போடக்கூடாது. வேறொருவர், கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமல், கடைசி புரூஃபைப் பார்த்துப் போட வேண்டும். ஏனென்றால் எண் மாறுவது பெரும்பாலும் இடையில்தான்.

பாடவேளை:

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நல்ல பட்டியல். ஒரே திருத்தம்: ஒவ்வொரு ஏழாவது பெயர் என்பது முப்பது பேர் வகுப்புக்குத்தான் ஓடும். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பு நடத்தும் பள்ளியில் நான்காம் வகுப்பில் மொத்தமே ஆறு பேர் இருப்பார்கள். அங்கே எல்லாரும்தான் மாதிரி. அந்தப் பள்ளியில் ஓடாத பக்கம் வேறெங்கே ஓடினாலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

4, 6 ஒப்புக்கொள்கிறேன். 12, 18-ஐ விட ஆயிரம் மடங்கு மேல்.

தொகுதிபகுதி:

பின்னத்தைச் சுருக்கும் பயிற்சியில் 16/64 எங்கேயாவது இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஒரு நோட்டில் மேலே உள்ள 6-ஐயும் கீழே உள்ள 6-ஐயும் ஒரே சாய்கோட்டால் அடித்து 1/4 என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் டிக். 19/95, 26/65, 49/98 மூன்றும் இதே போலத்தான், பொது இலக்கத்தை அடித்தால் சரியான மதிப்பே வந்து நிற்கும். 24/64 போடுங்கள். 4-ஐ அடிப்பவனுக்கு 2/6, சுருக்குபவனுக்கு 3/8.